ஐந்தாம் ஆண்டு

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் மூளைக்காய அறிவியலுக்கு ஓர் அளவுகோலையும் ஒரு கேள்வியையும் தந்தது. அளவுகோல் உலகெங்கும் பரவியது. 1974இல் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்னும் இரு நரம்பு அறுவை மருத்துவர்கள் அதை வகுத்தார்கள். கண் திறக்கிறதா, சொல் வருகிறதா, உடல் அசைகிறதா என மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை எண் தருவது அது. எட்டும் அதற்குக் கீழும் என்றால் காயம் கடுமையானது. இன்று எந்த ஊரின் நெருக்கடிப் பிரிவிலும் தலையில் அடிபட்டவரின் தாளில் முதலில் எழுதப்படும் எண்களுள் ஒன்று அது.

கேள்வி அவ்வளவு புகழ் பெறவில்லை. அதே நகரில் நீல் புரூக்சும் அவருடைய உடனாய்வாளர்களும், கடுமையான தலைக்காயத்தினின்று பிழைத்த 42 பேரின் உறவினரிடம் அதைக் கேட்டார்கள். மூன்றாம் திங்களில் கேட்டார்கள். ஆறாம் திங்களில், ஓராண்டு முடிவில், பின்னர் ஐந்தாம் ஆண்டில் மீண்டும் கேட்டார்கள். வீட்டில் இவர் எப்படி இருக்கிறார்? நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? 1986இல் வெளிவந்த விடைகள் பொது எண்ணத்துக்கு நேர்மாறாக இருந்தன. ஓராண்டு முடிவில் 60 விழுக்காட்டினர் "இவர் பழைய ஆள் இல்லை" என்றனர். ஐந்தாம் ஆண்டில் அப்படிச் சொன்னவர்கள் 74 விழுக்காட்டினர். அடிப்பேன் என்று மிரட்டுவது ஓராண்டில் 15 விழுக்காடாக இருந்து ஐந்தாம் ஆண்டில் 54 ஆக உயர்ந்திருந்தது. உறவினரின் மனச்சுமையும் காலத்தோடு கரையவில்லை, கூடியிருந்தது. அந்தச் சுமைக்கு முதற்காரணம் விளங்காத கையோ தள்ளாடும் காலோ அன்று. மாறிப்போன குணமே.

புண் என்றால் ஆறும், ஆறினால் வலி குறையும் என்பது நம் உடம்பு நமக்குக் கற்பித்த கணக்கு. சுற்றமும் நட்பும் அந்தக் கணக்கின்படியே நடந்துகொள்கின்றன. முதல் வாரம் மருத்துவமனை வாயிலில் ஊரே நிற்கும். பழப்பையும் வெந்நீர்க் குடுவையுமாக அத்தை, மாமா, அலுவலகத் தோழர் எல்லாரும் வருவர். வீடு திரும்பிய பின் வரவு குறையும். ஓராண்டில் தொலைபேசியும் அருகிவிடும். "நடக்கிறார், பேசுகிறார், சாப்பிடுகிறார், இனி என்ன குறை?" என்று அடுத்த வீட்டார் கேட்பர். சுமை ஏறிக்கொண்டே போகத் துணை இறங்கிக்கொண்டே வருகிறது. அந்த இடைவெளிக்குள் இறங்கி நிற்கக்கூடியவர் யார் என்பதே இக்கட்டுரையின் கவலை. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதே இடைவெளியில் தாமே நின்றவர். ஏன் என்பதைச் சொல்ல மூளைக்குள் சிறிது போய்வர வேண்டும்.

வளர்ந்தவரின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள மிக மென்மையான உறுப்பு. அதைத் தாங்கும் மண்டையோட்டின் உட்புறம் எங்கும் வழவழப்பாக இல்லை. முன்பகுதியின் அடித்தளத்தில் எலும்பு மேடும் பள்ளமுமாக இருக்கிறது. வண்டி மோதித் தலை திடுமென நிற்கும்போது உள்ளிருக்கும் மூளை நிற்பதில்லை. முன்னோக்கிச் சரிந்து அந்த மேடுகளில் உராய்கிறது. எங்கே அடி விழுந்தாலும் நெற்றிமடலின் அடிப்பாகமும் பக்கமடலின் நுனியும் நசுங்குவதற்கு இதுவே காரணம். அதோடு தலை சுழலும் வேகத்தில் நரம்பணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் நீண்ட மெல்லிழைகள் இழுபட்டு நைந்துபோகின்றன. இந்த இழைச்சேதம் மிக நுண்ணியது. சி.டி. வருடலில் பெரும்பாலும் தெரியாது. "படம் நன்றாக இருக்கிறது" என்ற சொல்லோடு வீடு வந்தவர் ஏன் இப்படி இருக்கிறார் என்று குடும்பம் திகைப்பதன் வேர்களுள் ஒன்று இங்கே இருக்கிறது.

நெற்றிமடல் செய்யும் வேலை வெளியே தெரியாத வேலை. அதன் அடிப்பகுதி தடுப்புக்கட்டை போன்றது; நாவில் வந்ததையெல்லாம் சொல்லாமலும் கையில் வந்ததையெல்லாம் செய்யாமலும் நம்மை நிறுத்துகிறது. அதன் நடுவோரப் பகுதி ஒரு செயலைத் தொடங்கி வைக்கிறது. பக்கப்பகுதி முதலில் இது, பிறகு அது என்று ஒழுங்கு செய்கிறது. முதலாவது கெட்டால், பத்து ஆண்டு பொறுமைக்குப் பெயர் பெற்றவர் சோறு குழைந்ததற்காகத் தட்டை வீசுகிறார். இரண்டாவது கெட்டால் விடியற்காலை எழுந்து வேலைக்குப் போன மனிதர் துண்டைத் தோளில் போட்டபடி குளியலறை வாயிலில் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். குளிக்க அவருக்கு விருப்பம் உண்டு, குளிக்கவும் தெரியும். தொடங்க மட்டும் முடியவில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அது சோம்பல். கட்டிய மனைவியின் கண்ணுக்கும் அது முதலில் சோம்பலாகவே படுகிறது.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. தன் குறையைத் தானே அறியாமை. 1914இல் பாரிசில் ஜோசப் பாபின்ஸ்கி என்ற நரம்பியலார், செயலிழந்த கையைச் செயலிழந்தது என்று உணராத நோயரைக் கண்டு இந்நிலைக்கு முதன்முதலில் பெயரிட்டார். இது அடம்பிடிப்பதன்று. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் கருவியும் மற்றவற்றோடு சேர்ந்து உடைந்துவிட்டது. "எனக்கு ஒன்றுமில்லை, நீதான் மாறிவிட்டாய்" என்று அவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. வெளியாருக்குக் காயம் தெரியவில்லை. காயம் பட்டவருக்கும் தெரியவில்லை. வீட்டில் ஒருத்திக்கு மட்டும் தெரிகிறது. அவள் சொல்வதை நம்ப ஆளில்லை. சில திங்கள் கழித்து அவளுக்கே தன் மேல் ஐயம் வந்துவிடுகிறது.

மூளைக்காயம் என்றவுடன் பாடநூல்கள் சொல்லும் பெயர் பினியாஸ் கேஜ். 1848 செப்டம்பர் 13ஆம் நாள், அமெரிக்காவின் வெர்மாண்ட்டில் இருப்புப்பாதைக்காகப் பாறையில் வெடி வைக்கும்போது, ஒரு மீட்டருக்கும் சற்று நீண்ட, ஆறு கிலோ எடையுள்ள இரும்புக்கோல் அவர் கன்னத்தின் வழி நுழைந்து உச்சியின் வழி வெளியேறியது. அவர் பிழைத்தார், குணம் மாறினார் என்று அவருக்கு மருத்துவம் செய்த ஜான் ஹார்லோ எழுதினார். சிலி நாட்டில் சில ஆண்டுகள் குதிரைவண்டி ஓட்டிவிட்டு, உடல் நலிந்து கேஜ் 1859இல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த தாயிடம் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு அடுக்கடுக்காக வலிப்பு வந்து இறந்தார். அந்த இறுதிக் காலம் பற்றி ஹார்லோ எழுதியவை பெரும்பாலும் அந்தத் தாய் சொன்னவை. மகனின் மண்டையோட்டை அறிவியலுக்குக் கொடுக்க இசைந்ததும் அவர் குடும்பமே. ஹார்வர்டின் அருங்காட்சியகத்தில் இன்றும் அது இருக்கிறது. அந்தத் தாய் எத்தனை இரவு விழித்திருந்தார், யாரிடம் மனம் விட்டுப் பேசினார் என்பதற்கு ஒரு வரிக் குறிப்பும் இல்லை. கேஜைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இக்குறையே முள்ளாய்த் தைக்கிறது.

கேஜ் போன்றோர் அக்காலத்தில் அரியவர். கடுமையான தலைக்காயத்தில் பலர் இறந்தே போனார்கள். நிலைமை மாறியது 1970களில். 1971 அக்டோபரில் இலண்டனின் ஒரு மருத்துவமனையில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதன்முதலாக ஒரு நோயரின் மூளையைப் படமெடுத்தது. உறைந்த குருதி எங்கே அழுத்துகிறது என்பது மண்டையைத் திறக்காமலே தெரிந்தது. மூன்றாண்டில் கிளாஸ்கோ அளவுகோல் வந்தது. தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளும் செயற்கை மூச்சுக் கருவிகளும் பெருகின. முன்பு இறந்திருக்கக்கூடியவர்கள் பிழைத்து வீடு திரும்பினார்கள். மருத்துவம் உயிரை மீட்டு வீட்டு வாயிலில் விட்டது. அதற்குப் பிறகான வாழ்வுக்கு அதனிடம் திட்டம் இல்லை.

ஆகவே 1979இல் பிரிட்டனில் ஹெட்வே என்னும் அமைப்பும், அடுத்த ஆண்டே அமெரிக்காவில் தேசியத் தலைக்காய அறநிலையும் பிறந்ததைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. இரண்டிலும் குடும்பங்கள் முன்னின்றன. அமெரிக்க அமைப்பைத் தொடங்கிய மேரிலின் ஸ்பிவாக் ஒரு தாய். 1975இல் அவருடைய 15 வயது மகள் சாலை விபத்தில் மூளைக்காயம் அடைந்தாள். மகளுக்கு உரிய மறுவாழ்வுச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று தேடி அலைந்த அந்தத் தாய், தம்மைப் போலவே அலைந்துகொண்டிருந்த மற்றப் பெற்றோரைக் கண்டார். மாசச்சூசெட்சின் ஃபிராமிங்காம் ஊரில் தம் வீட்டிலேயே பணியைத் தொடங்கினார். 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் மூளைக்காயத்துக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. அதற்கு வழி வெட்டியவர்களில் இத்தகைய குடும்பத்தினர் முக்கியமானவர்கள். கேஜின் தாய்க்குக் கிடைக்காத ஒன்று இவர்களுக்குக் கிடைத்தது: எதிரே உட்கார்ந்து "எங்கள் வீட்டிலும் அப்படித்தான்" என்று சொல்ல இன்னொருவர்.

அந்த ஒரு தொடர் ஏன் இவ்வளவு வலியது? மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் பாலின் பாஸ் என்ற குடும்ப ஆய்வாளர் இதற்கு ஒரு திறவுகோல் தந்தார். வியட்நாம் போரில் காணாமற்போன வானோடிகளின் குடும்பங்களை அவர் 1970களில் ஆய்ந்தார். உடல் கிடைக்கவில்லை, ஆகவே அழுது முடிக்கவும் இயலவில்லை. மனத்துள் இருக்கிறார், வீட்டில் இல்லை. இதன் மறுதலையும் உண்டு என்றார் பாஸ். வீட்டில் இருக்கிறார், ஆனால் அவர் அவராக இல்லை. இரண்டையும் தெளிவற்ற இழப்பு என்று அவர் அழைத்தார். சாவுக்கு நம்மிடம் சடங்கு இருக்கிறது. பந்தல் உண்டு, ஒப்பாரி உண்டு, பதினாறாம் நாள் உண்டு. இத்தனை நாள் அழலாம், பிறகு எழுந்து வேலை பார் என்று ஊரே சேர்ந்து சொல்லும் ஒழுங்கு உண்டு. எதிரே உட்கார்ந்து சோறு கேட்கும் ஒருவருக்காக எந்தப் பந்தலில் அழுவது? அழுதால் "உயிரோடு இருக்கும் மனிதனுக்கு ஏன் அழுகிறாய்" என்று வாயை அடைத்துவிடுவர்.

ஆரிகனின் நரம்பு உளவியலார் மூரியல் லெசாக் 1978இலேயே மனைவியரின் நிலையைத் தனித்து எடுத்து எழுதினார். கணவன் இருந்தும் துணை இல்லை. துணை இல்லை என்பதை வெளியே சொல்லவும் இயலாது. விட்டுப் போனால் பழி, இருந்தால் தனிமை. தாய்க்கு மகனை மீண்டும் குழந்தையாக ஏந்திக்கொள்ளப் பழைய பழக்கம் ஒன்று இருக்கிறது. மனைவிக்கு அப்படி ஒரு முன்பழக்கம் இல்லை. பகலெல்லாம் தாயாக இருந்துவிட்டு இரவில் மனைவியாக இருக்கச் சொல்லும் வாழ்க்கை அது. இதை மாமியாரிடமோ உடன்பிறந்தவரிடமோ மருத்துவரிடமோ சொல்ல எந்தப் பெண்ணுக்கும் நா எழாது. அதே இடத்தில் இருக்கும் இன்னொரு பெண்ணிடம் சொல்லவே வேண்டியதில்லை. அவளே தொடங்கிவிடுவாள்.

ஒத்த துயருடையோர் தரும் துணையை வெறும் ஆறுதல் என்று எண்ணுவது பிழை. அது ஓர் அறிவு. மருத்துவரின் அறிவு காயத்தின் முதல் நாளிலும் முதல் திங்களிலும் ஆழமானது. ஐந்தாம் ஆண்டின் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணியைப் பற்றிய அறிவு அவரிடம் இல்லை, அவர் அங்கே இருந்ததில்லை. அங்கே இருந்தவள் புதிதாய் வந்தவளிடம் சொல்வாள்: "அவரு சோம்பேறி இல்லம்மா. 'குளிக்கலையா?'ன்னு கேக்காதே. தண்ணிய மொண்டு கையில குடு, மீதிய அவரே பாத்துக்குவாரு." தொடங்கும் திறன் கெட்ட மூளைக்கு வெளியிலிருந்து ஒரு தொடக்கம் தர வேண்டும் என்னும் நரம்பியல் உண்மை அது. சமையலறைச் சொல்லில் அவள் அதை வந்தடைந்திருக்கிறாள். "என்ன வேணும்னு கேட்டா வெறுப்பாயிடும். இட்லியா தோசையான்னு கேளு." திறந்த கேள்வி நெற்றிமடலுக்குப் பெருஞ்சுமை; இரண்டில் ஒன்று என்பது தாங்கக்கூடியது. "கல்யாண வீட்டுக்குக் கூட்டிப் போனா அரைமணியில கிளம்பிடு. சத்தமே அவருக்கு அடி மாதிரி." கவனத்தைப் பங்கிடும் ஆற்றல் குறைந்த மூளை பேரிரைச்சலில் விரைவில் களைத்துப்போகிறது, களைப்பே சினமாகிறது. "கோவம் வந்தா பதில் பேசாதே, அறைய விட்டு வெளிய வந்துடு. பத்து நிமிசத்துல அவருக்கே மறந்துடும். உனக்குத்தான் மறக்காது. அதுக்கு எனக்குப் போன் பண்ணு." கடைசியில் சொன்னது எந்த மருந்துச்சீட்டிலும் எழுதப்படுவதில்லை.

இத்துணையால் உண்மையில் பயன் உண்டா என்பதை அளக்க முயன்ற ஆய்வுகள் சில உள்ளன. நியூயார்க்கில் மேரி ஹிபார்டும் உடனாய்வாளர்களும் 2002இல் வெளியிட்டது சிறிய ஆய்வு. மூளைக்காயமுற்றோர் 11 பேர், குடும்பத்தினர் 9 பேர். காயம் பற்றிய அறிவு கூடியது, வாழ்க்கை பற்றிய நோக்கு தெளிந்தது, மனச்சோர்வைத் தாங்கும் திறன் வளர்ந்தது என்று அவர்கள் சொன்னார்கள். உறவும் நட்பும் ஊரும் தரும் ஆதரவு அதனால் பெரிதும் கூடவில்லை என்றும் சொன்னார்கள். அந்த இரண்டாவது விடையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒத்தவர் துணை, விலகிப்போன சுற்றத்தைத் திருப்பிக் கொண்டுவராது. 2012இல் டெட்ராய்ட்டில் ராபின் ஹாங்க்சும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, ஒத்த துயருடையவரின் வழித்துணை பெற்றவரையும் பெறாதவரையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டது. வழித்துணை பெற்ற குடும்பத்தினர் வெளியுலக வாழ்வில் கூடுதலாகக் கலந்து பழகினர். வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர் மீண்டும் வெளியே வருகிறார் என்றால், ஐந்தாம் ஆண்டை நோக்கிப் போகிறவருக்கு அது சிறு பேறன்று. அவருடைய துயர் நீங்கிவிட்டது என்று மட்டும் அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது.

துணை தருபவருக்கும் இதில் பங்கு உண்டு. பிறருக்கு உதவுபவர் தாமே நலம் பெறுகிறார் என்னும் கருத்தை அமெரிக்கச் சமூகவியலார் ஃபிராங்க் ரீஸ்மன் 1965இல் முன்வைத்தார். எட்டாண்டுத் துன்பத்தை வீண் என்றே எண்ணிக் கிடந்த ஒருத்திக்கு, அது இன்னொருத்தியின் இரவு ஒன்றைக் கடக்க உதவியது என்று அறியும்போது, தான் இழந்தவற்றோடு தான் கற்றவையும் கண்ணுக்குத் தெரிகின்றன.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. அது மூளைக்காயத்துக்கன்று, மனநோய்க்கு. 1950களில் அமிர்தசரசின் மனநல மருத்துவமனையில் கண்காணிப்பாளராக இருந்த வித்யா சாகர், நோயரின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கச் செய்தார். பக்கத்துக் கூடாரத்தின் நோயர் தேறுவதை ஒரு தாய் தன் கண்ணால் பார்த்தாள். அவளை யாரும் தேற்ற வேண்டியிருக்கவில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1957 முதல் குடும்பத்தாரை நோயருடன் தங்கவைத்தே சிகிச்சை தருகிறது. குடும்பத்தைப் பார்வை நேரத்துக்கு மட்டும் வரவிடும் வழக்கத்திலிருந்து இம்மருத்துவர்கள் வேண்டுமென்றே விலகினார்கள். அடுப்பும் துணிக்கொடியும் அருகருகே இருந்தால் பேச்சுத் தானே பிறக்கும்.

ஆனால் இரு துயரங்களை அருகருகே உட்காரவைத்தால் போதும் என்பதில்லை. இரண்டாம் வாரத்தில் இருக்கும் தாயிடம் ஐந்தாம் ஆண்டின் உண்மையை ஒரே மூச்சில் சொன்னால், அவள் நம்பிக்கை முறிந்துபோகும். மகன் அடிபட்ட நாளை மறக்க முயல்கிறவளிடம் யாருடைய இழப்பு பெரிது என்று ஒப்பிடுவோரும் உண்டு. ஆகவே வழித்துணை செய்வோருக்குப் பயிற்சி தேவை: எப்போது பேசுவது, எப்போது கேட்டுக்கொண்டிருப்பது, எதை மருத்துவரிடம் ஒப்படைப்பது என்று. வலிப்பு, தற்கொலைப் பேச்சு, மருந்தை நிறுத்துவது ஆகியவை ஒத்தவர் கையில் நிற்கக்கூடாதவை. கை ஓங்கும் வீட்டைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். "நோய்தானே, பொறுத்துக்கொள்" என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு அறிவுரை சொல்லும் கூட்டம் துணையன்று, தீங்கு. காயம் காரணமாகலாம், அடி அடிதான். கதவருகே எந்தப் பக்கம் நிற்பது, யாரை அழைப்பது, பிள்ளைகளை எந்த வீட்டில் விடுவது என்பதே அங்கே பேசப்பட வேண்டியது.

2022ஆம் ஆண்டின் நடுவண் அரசுக் கணக்குப்படி இந்தியாவிலேயே மிகுதியான சாலை விபத்துகள் நேர்ந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. அவற்றில் தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வீட்டுக்குத்தான் திரும்பியிருப்பார்கள். நரம்பு அறுவைப் பிரிவின் வெளியே உள்ள நீள்இருக்கைகளில், மடியில் கோப்போடு காத்திருக்கும் பெண்கள் ஏற்கெனவே ஒருவரோடொருவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு எந்த நாளில் வரவேண்டும், இழப்பீட்டு வழக்கு எதுவரை வந்தது, எந்த மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கிறது என்பன அங்கே கைமாறுகின்றன. பெயர் அழைக்கப்பட்டதும் ஒருத்தி எழுந்து போகிறாள், பேச்சு அறுந்துவிடுகிறது. அடுத்த முறை அவர்கள் சந்திப்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அந்தப் பேச்சு அறுந்துபோகாமல் இருக்கப் பெரிய கட்டடம் வேண்டாம். வீடு திரும்பும் நாளில் தரப்படும் தாளில், அதே ஊரில் அதே உறவு நிலையில் இருக்கும் ஒருவரின் எண், அவர் இசைவோடு எழுதப்பட்டால் போதும். திங்களுக்கு ஒரு ஞாயிறு, புறநோயர் பிரிவு காலியாக இருக்கும் மாலையில், ஓர் அறை. தாய்மாருக்கு ஒரு வட்டம், மனைவியருக்கு வேறொரு வட்டம். கணவனோ அண்ணனோ பேணுநராக இருக்கும் வீடுகளும் உண்டு. அவர்களுக்கும் ஓர் இடம். இவையெல்லாம் ஏற்பாடானாலும் வர முடியாதவர் பலர். காரணம் எளியது: அவள் இரண்டு மணி நேரம் வெளியே போனால் அவரை யார் பார்த்துக்கொள்வது? அடுப்பை அணைக்க மறப்பார், கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுவார். எனவே கூட்டத்துக்கு அறை தேடுவோர் முதலில் பக்கத்து அறையைத் தேட வேண்டும். அங்கே அந்த இரண்டு மணி நேரமும் அவர்களோடு இருக்க, மூளைக்காயம் என்னவென்று அறிந்த நான்கு பேர் வேண்டும். சீட்டாட்டமோ பழைய திரைப்பாட்டோ இருக்கலாம். ஒலி மட்டும் தாழ்ந்திருக்க வேண்டும்.